இரத்தம் மறந்துவிடும், சிறுநீரகம் மறக்காது

விடியற்காலை ஐந்து மணி. ஜொகூர் பாலத்தை நோக்கி மோட்டார்சைக்கிள்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஏழு மணி ஷிஃப்டுக்கு சிங்கப்பூரில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். ஸ்கூடாயிலும் மாசாயிலும் கடைவீட்டு வரிசைகளில் இயங்கும் டயாலிசிஸ் மையங்களிலும் விளக்குப் போட்டாகிவிட்டது. முதல் ஷிஃப்ட் நோயாளி எடை மேடையில் ஏறி நிற்கிறார். போன முறை இறங்கும்போது இருந்த எடைக்கும் இப்போதுள்ள எடைக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு நாளாக வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கிய நீர். பிறகு சாய்வு நாற்காலி. தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையில் இணைத்ததால் கையில் புடைத்து நிற்கும் இரத்தக்குழாயில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறுகின்றன. ஒன்றின் வழியே நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றொன்றின் வழியே உள்ளே திரும்புகிறது. நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை ஆயுள் முழுக்க இதே கதைதான்.

மலேசியாவில் இப்படி டயாலிசிஸை நம்பி வாழ்பவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். புதிதாக வந்து சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்பு நீர் என்னும் நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஆய்வில் சிக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. 2023 ஆய்வில் தேசிய அளவு 15.6 ஆக இறங்கியது. நல்ல செய்திதான், ஆனால் டயாலிசிஸ் நாற்காலிகள் காலியாகிவிடவில்லை. இன்று அந்த நாற்காலிக்கு வருகிறவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் ஏறிய சர்க்கரைக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த எண்கள் வெளிவரும்போதெல்லாம் நாம் தே தாரேக்கையும் ரொட்டி சானாயையும் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் உணவுக்கு இணையாகக் கெடுதல் செய்யும் ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. 'உடம்பு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதுசாகிவிடும்' என்பது அது. சத்துப் பானம் விற்கும் கூட்டங்களிலும், வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளிலும், 'கொஞ்ச நாள் கட்டுப்பாடாக இருந்தால் எல்லாம் சரியாயிடும்' என்ற வீட்டுப் பேச்சிலும் அது வெவ்வேறு உருவத்தில் வருகிறது. உடம்பின் ஒரு பகுதிக்கு அது உண்மை. சர்க்கரை தாக்கும் பகுதிக்கோ அது பெரும்பாலும் பொய். இந்த வேறுபாடு தெரியாததால்தான் நம் மக்கள் தாமதமாக மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அணுகுண்டு சொன்ன வயது

ஓர் உயிரணுவின் வயதைக் கண்டுபிடிக்க உதவியது அணுகுண்டு. 1950களின் நடுவிலிருந்து வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963இல் திறந்தவெளிச் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அது ஆண்டுக்கு ஆண்டு குறையத் தொடங்கியது. செடி அதை உறிஞ்சியது, மனிதர் செடியைத் தின்றார்கள். உயிரணு பிரியும்போது புதிதாக எழுதப்படும் டிஎன்ஏவில் அந்த ஆண்டின் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த உயிரணு பிரியாவிட்டால் பதிவும் மாறாது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனும் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் 2005இல் இந்தப் பதிவைப் படித்து சில உறுப்புகளின் உயிரணுக்களுக்கு வயது சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையின் உயிரணுக்களுக்குச் சராசரி வயது சுமார் 15 ஆண்டு. மூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கோ அந்த மனிதரின் வயதேதான். 2009இல் அதே குழு இதயத்தைப் பார்த்தது. 25 வயதில் இதயத் தசையணுக்களில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு மாறுகிறது, 75 வயதில் அரை விழுக்காடும் இல்லை. ஒரு மனிதர் நூறாண்டு வாழ்ந்தாலும் இதயத்தில் பாதிக்கு மேல் அவர் பிறந்தபோது இருந்த அணுக்கள்தான்.

ஏழு வருடக் கதைக்கு அந்த 2005 ஆய்வும் வலுச் சேர்த்தது. உடம்பின் எல்லா உயிரணுக்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏழிலிருந்து பத்து வயது இருக்கலாம் என்று அப்போது பத்திரிகைகளில் ஒரு மதிப்பீடு வந்தது. சராசரி என்ற சொல்லை மக்கள் கழற்றிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். தொண்ணூறு வயதுப் பாட்டியும் பச்சைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் சராசரி வயது 45 என்பது கணக்குப்படி சரி, ஆனால் 45 வயதில் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

பெட்டிச் செய்தி: எது எப்போது மாறுகிறது?

நம் உடம்பில் நாளொன்றுக்கு மாறும் உயிரணுக்கள் சுமார் 33,000 கோடி. எடை போட்டால் 80 கிராம் அளவு. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ரான் மிலோவும் ரான் செண்டரும் 2021இல் வெளியிட்ட கணக்கு இது. அவற்றில் 86 விழுக்காடு இரத்த அணுக்கள், 12 விழுக்காடு குடலின் உட்சுவர் அணுக்கள். மற்ற எல்லா உறுப்புகளும் சேர்ந்தே மிச்சமுள்ள இரண்டு விழுக்காடுதான்.

குடலின் உட்சுவர்: 3 முதல் 5 நாள். 
இரத்தத் தட்டணு: 8 முதல் 10 நாள். 
மேல்தோல்: ஏறக்குறைய ஒரு மாதம், வயது ஏற ஏறக் கூடுதல். 
சிவப்பணு: சுமார் 120 நாள். 
கொழுப்பணு: ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு மாறும். 
எலும்பு: அதுவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு. 
மூளைப் புறணி நரம்பணு, கண் வில்லையின் நடுப்பகுதி: பிறந்தபோது அமைந்ததே கடைசிவரை.

கையை எடுக்க முடியாத வேலைக்காரர்

இயற்கை ஏன் சில அணுக்களைப் பிரியவிடாமல் வைத்திருக்கிறது? அவை செய்யும் வேலை அப்படி. சிறுநீரகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு சிறுநீரகங்களிலும் தலா பத்து லட்சம் அளவில் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாகக் கிடக்கின்றன. அங்கேதான் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து வடிகிறது. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அந்த முடிச்சின் வெளிப்புறத்தில் போடோசைட் என்ற அணு உட்கார்ந்திருக்கிறது. உடம்பிலிருந்து கைகள் கிளைத்து, கைகளிலிருந்து நூற்றுக்கணக்கான விரல் போன்ற நுனிகள் கிளைத்து, குழாயைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். பக்கத்து அணுவின் விரல்களோடு இதன் விரல்கள் கோத்துக்கொள்ளும் இடைவெளிதான் சல்லடை. கழிவும் நீரும் அதில் இறங்கும், புரதம் இறங்காது.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன்னை உருட்டிக்கொள்ள வேண்டும், உள்கட்டமைப்பைக் கலைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். போடோசைட் அதைச் செய்ய முயன்றால் பிடியை விட்டுவிடும், அழுத்தத்தோடு வடியும் நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதிர்ந்த போடோசைட் பிரிவதில்லை. ஒன்று உதிர்ந்தால் பக்கத்தில் உள்ளது தன்னை நீட்டி அந்த இடத்தையும் மூடப் பார்க்கும். எலிகளில் செய்த ஆய்வில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடோசைட்டுகள் போனதும் வடிகட்டி முடிச்சில் தழும்பு விழத் தொடங்கியது. ஐந்தில் இரண்டு போனதும் முடிச்சே பாழாயிற்று. சர்க்கரை கூடிய இரத்தம் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்கிறது. முடிச்சுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது, குழாய்ச் சுவரைத் தடிக்கவைக்கிறது, போடோசைட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. வலி கிடையாது. சிறுநீரில் நுரை தெரிவதற்கு முன்பே வேலை பாதி முடிந்திருக்கும்.

நெஃப்ரானும் புதிதாக முளைப்பதில்லை. கருவின் 36ஆவது வாரத்தோடு அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு நெஃப்ரான் எண்ணிக்கையும் குறைவு, அது பின்னாளில் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழி செய்யும் என்று பேரி ப்ரென்னர் 1988இல் முன்வைத்த கருத்துக்குப் பிற்கால ஆய்வுகள் வலுச் சேர்த்திருக்கின்றன. இதைத் தோட்டப்புறத் தமிழருக்குப் பொருத்திப் பார்க்க எல்லா நியாயமும் இருக்கிறது. நிறைமாதத்திலும் பால்மரம் வெட்டிய பெண்கள் பெற்ற பிள்ளைகள்தாம் இன்று அறுபதைத் தாண்டி ஜொகூர் பாருவின் தாமான்களில் வாழ்கிறார்கள். குறைந்த முதலோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் மேல் சர்க்கரையும் ஏறினால் என்ன ஆகும் என்பதை நம் சமூகத்தில் இன்னும் போதுமான அளவு யோசிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு மட்டும் நினைவு

இனிப்பு நீர் உள்ளவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனை எச்பிஏ1சி, 'மூணு மாசச் சர்க்கரை'. அது ஏன் மூன்று மாதம்? சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால். சிவப்பணுவுக்குள் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது உதிர்வதில்லை. எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 20,000 கோடிப் புதுச் சிவப்பணுக்களை அனுப்பி, பழையவற்றை மண்ணீரலும் கல்லீரலும் அகற்றிவிடுவதால், நான்கு மாதத்துக்கு முந்திய சர்க்கரையின் சாட்சி இரத்தத்தில் மிச்சமில்லை. அதிலும் இந்த எண்ணில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. மலேசிய வழிகாட்டி நெறிகள் 6.3 விழுக்காட்டிலேயே நீரிழிவு என்று முடிவு கட்டுகின்றன. மற்ற பல நாடுகளில் அது 6.5.

இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். கிளினிக் தேதி நெருங்கும்போது ஒரு மாதம் சோற்றைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, எண்ணை 9இலிருந்து 7.5க்கு இறக்கிக் காட்டிவிடலாம். டாக்டரும் மகிழ்வார், வீட்டாரும் மகிழ்வார்கள். இரத்தம் உண்மையிலேயே புதுசாகிவிட்டது, அதில் பொய் இல்லை. ஆனால் அதே இரத்தம் அதற்கு முந்திய எட்டு மாதம் ஓடிய சிறுநீரகத்திலும், விழித்திரையிலும், பாதத்தின் நரம்பிலும் புது அணுக்கள் வந்து அமரவில்லை. வேகமாகப் பிரியும் அணுக்களை மட்டும் பார்த்து உடம்பு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்கிறோம். தோல் பளபளக்கிறது, வயிறு ஒழுங்காக இருக்கிறது, வெட்டுக்காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது, அதனால் 'நமக்கு ஒன்றுமில்லை.'

இந்தக் குழப்பம் தனிமனிதரோடு நிற்பதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு சிகிச்சைக்கு வந்தார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே கலங்கியது, கலங்கியதில் நியாயம் இருந்தது. நச்சுப்புகை முதலில் தாக்குவது மூச்சுக்குழாயின் உட்சுவரை. அது புதுப்பித்துக்கொள்ளும் சுவர், ஆகவே வலியும் உடனே, சரிப்படுவதும் பெரும்பாலும் விரைவில். புதுப்பித்துக்கொள்ளாத உறுப்புக்கு வரும் கேடு ஒரு பள்ளியைக்கூட மூடவைக்காது. ஜொகூர் மாநிலம் தன் டயாலிசிஸ் நாற்காலிகளைப் பார்த்து அந்த மார்ச் மாதத்தில் பதறியதில் பத்தில் ஒரு பங்கு பதறினாலே போதும், கிளினிக்குகளின் வேலைமுறை மாறிவிடும்.

முதல் ஆண்டுகளின் எடை

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மிகப் பெரிய சான்று பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு. 1977இல் தொடங்கி, புதிதாக நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். 1997இல் ஆய்வு முடிந்தது. அடுத்த ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. இரத்தம் மறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பத்தாண்டு கழித்து, 2008இல் திரும்பிப் பார்த்தபோது, தொடக்கத்தில் இறுக்கமாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக்குழாய் சார்ந்த பாதிப்பு 24 விழுக்காடு குறைவாகவே நீடித்தது. மாரடைப்பும் குறைவு. தொடக்க ஆண்டுகளில் காப்பாற்றிய அணுக்கள் கடைசிவரை உழைத்தன. தொடக்க ஆண்டுகளில் இழந்தவற்றைப் பின்னால் வந்த ஒழுக்கம் ஈடுகட்டவில்லை.

இதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் பீட்டா அணுக்களின் செயல்திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருக்கிறது. இன்சுலின் சுரக்கும் இந்த அணுக்கள் குழந்தைப் பருவத்தில் பெருகும், முப்பது வயதுக்குப் பிறகு பிரிவது மிக அபூர்வம். அதனால் 'லேசான சர்க்கரைதான்' என்று தள்ளிப்போடும் இரண்டு ஆண்டு, கையிருப்பில் மிச்சமிருக்கும் பாதியிலிருந்து செலவாகும் இரண்டு ஆண்டு.

எதிர்வாதங்கள்

முதல் மறுப்பு வலுவானது: நீரிழிவே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வில், எடை குறைக்கக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தில்லாமலே நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்தார்கள். 2017இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் மருத்துவர்களின் மனத்தை மாற்றியது. ஆனால் அங்கே புதுப் பீட்டா அணுக்கள் பிறந்ததாக யாரும் சொல்லவில்லை. கொழுப்பின் சுமையால் வேலையை நிறுத்திவைத்திருந்த அணுக்கள், சுமை இறங்கியதும் திரும்ப வேலைக்கு வந்தன. செத்தவை வரவில்லை. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள். ஆகவே இது என் வாதத்துக்கு எதிரானது அல்ல. நேரத்தோடு போனால் கிடைப்பது எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

இரண்டாவது: கல்லீரல் வளர்கிறதே, ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவரும் நன்றாகத்தானே இருக்கிறார்? கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும் மிச்சமுள்ள அணுக்கள் பிரிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். சிறுநீரகத்தில் நடப்பது வேறு. தானம் கொடுத்தவரின் மிச்சச் சிறுநீரகம் பெரிதாகிறது, ஆனால் நெஃப்ரான் ஒன்றுகூடக் கூடுவதில்லை. இருப்பவை வீங்கிக் கூடுதல் வேலை செய்கின்றன. ஆரோக்கியமானவருக்கு அது போதும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த வீக்கமே போடோசைட்டை இழுத்து நோகடிப்பது. உண்மையில் சிறுநீரகத்திலும் பிரியக்கூடிய அணுக்கள் உண்டு. உறிஞ்சு குழாயின் அணுக்கள் டிங்கியாலோ எலிக்காய்ச்சலாலோ திடீரென அடிபட்டால் பல நேரங்களில் மீண்டுவிடும். சில நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு நலமாக வீடு திரும்பிய உறவினரை உதாரணம் காட்டுகிறவர்கள், இந்தத் திடீர்ப் பாதிப்பையும் ஆண்டுக்கணக்கில் சர்க்கரை செய்யும் பாதிப்பையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு மனத்தை வாட்டுவது. போனது போனதுதான் என்றால் மாத்திரை எதற்கு, கட்டுப்பாடு எதற்கு? விடை சிறுநீரகத்திலேயே இருக்கிறது. புரதம் கசியத் தொடங்கிய பிறகு சிகிச்சையில்லாமல் விட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஆண்டுக்குப் பத்துப் புள்ளி வரை சரியக்கூடும். முடிச்சுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகளும், 2019 முதல் பெரிய ஆய்வுகளில் வென்ற எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகளும் அந்தச் சரிவைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும். மிச்சமிருக்கும் அணுக்களின் பாரத்தை இறக்குவதுதான் அவற்றின் வேலை. ஐம்பது வயதுக்காரருக்கு அது டயாலிசிஸ் நாற்காலியை அறுபத்தைந்துக்குத் தள்ளிவைக்கும், சிலருக்கு வராமலே செய்யும். இன்னொரு சான்றும் உண்டு. கணையமாற்று செய்துகொண்ட எட்டு நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகத்தை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை முற்றிலும் சரியான ஐந்தாவது ஆண்டில் தழும்பில் மாற்றமில்லை. பத்தாவது ஆண்டில் தடித்த சுவர்கள் இளகத் தொடங்கியிருந்தன. 1998இல் வந்த அந்த முடிவு நம்பிக்கை தருகிறது, கூடவே அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஸ்டெம் செல் விளம்பரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் அணுக்களைச் செலுத்தி முதல் வகை நீரிழிவு உள்ள 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டதாக 2025இல் செய்தி வந்தது. உண்மையான சாதனை. ஆனால் அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், அவர்களுக்கு இருந்தது நம்மிடம் பரவலாக உள்ள இரண்டாம் வகையும் அல்ல. 'குடித்தால் உயிரணு புதுசாகும்' என்று பாக்கெட்டில் விற்கும் பொடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பொடிக்குக் கொடுக்கும் நூற்றுக்கணக்கான வெள்ளியைவிட, அதை நம்பித் தள்ளிப்போடும் மாதங்கள்தான் பெரிய நட்டம்.

பெட்டிச் செய்தி: பிரியாத அணுக்களைப் பார்க்கும் சோதனைகள்

நீரிழிவு கண்டுபிடித்த அன்றே தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டியவை: சிறுநீரில் அல்புமின் கசிவு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின், விழித்திரைப் படம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் சிவப்பணுவின் ஆயுள் மாறிவிடுவதால் எச்பிஏ1சி எண்ணை மட்டும் நம்ப முடியாது.

பாலத்துக்கு அந்தப்புறம் வேலை

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு இந்தச் சோதனைகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் நான்கு மணிக்கு எழுந்து, பாலத்தைக் கடந்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்குக் கிளினிக் திறந்திருக்கும் நேரம் வேலை நேரமாகவே இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு என்றால் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் ஒரு நாள் போயிற்று. வலி இல்லாத நோய்க்காக அந்தப் பணத்தை விடு என்று சொல்வது எளிது, கேட்பவருக்கு எளிதில்லை. இரவிலும் திறந்திருக்கும் நீட்டித்த நேரக் கிளினிக்குகள் சாதாரணக் காய்ச்சலுக்கு மட்டுமல்லாமல் இனிப்பு நீர் ஆண்டுச் சோதனைக்கும் இடம் தர வேண்டும். ஜொகூர் பாரு போன்ற எல்லை நகரத்தில் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நம் பக்கமும் மாற்றம் வேண்டும். கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் நடக்கும் மருத்துவ முகாம்களில் பெரும்பாலும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அன்றைய சர்க்கரையைச் சொல்கிறார்கள். அந்த எண் அன்று காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. அதோடு ஒரு சிறுநீர்க் குவளையையும் வைத்து அல்புமின் பார்த்தால், பத்தாண்டில் அந்த மனிதரின் சிறுநீரகத்துக்கு நேர்ந்தது தெரியவரும். சோதனைப் பட்டைக்கு ஆகும் செலவு அன்றைய அன்னதானச் செலவில் ஒரு சிறு பங்கு. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கலாம். மண்டபத்துக் கழிப்பறையைச் சுத்தமாக வைத்து, குவளையில் பெயரும் நேரமும் எழுதி, முடிவைத் தனியாக அழைத்துச் சொல்லி, கசிவு உள்ளவருக்குக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினால் அந்தக் கூச்சம் ஒரே முகாமில் போய்விடும்.